திருட்டு விண்டோஸ் ஒழிந்தால் லினக்ஸ் வளருமா?

10 மார்ச் 2024, ஒரு வாசகர் கேட்டது

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் காசே இல்லாமல் கிடைக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் திருட்டு விண்டோஸ்தான் போட்டுத் தருகிறார்கள். போலீஸ் நாலு கடையில் கை வைத்தால் மறுநாளே எல்லோரும் லினக்ஸ் போல யாரும் பயன்படுத்தலாம், பகிரலாம் என்கிற கட்டற்ற மென்பொருளுக்கு வந்துவிட மாட்டார்களா? திருட்டுப் பிரதிதான் லினக்ஸுக்கு முதல் எதிரி என்பது என் கட்சி. டி.டி.பி. தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

10 மார்ச் 2024, இரவு

உங்கள் கட்சியில் நானும் கொஞ்ச காலம் உறுப்பினர். கும்பகோணத்தில் 1998 முதல் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புக், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி. இத்தனை வருஷத்தில் கடையில் ஓடியதில் முக்கால்வாசி காசு கொடுக்காத மென்பொருள்தான்.

2001-ல் சென்னை ரிச்சி தெருவில் 50 ரூபாய்க்கு ஒரு சி.டி. வாங்கினேன். விண்டோஸ், பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர், படம் வரையும் கோரல்ட்ரா, போட்டோஷாப் நாலும் அதில் இருந்தன. சீரியல் நம்பரை உறைமேல் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக் கொடுத்தார் கடைக்காரர். அதே மாதம் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு லினக்ஸ் சி.டி. இலவசமாக வந்தது. அதன்மேல் ரொம்ப நாள் டீ கிளாஸ் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் லட்ச ரூபாய்ச் சரக்கு 50 ரூபாய்க்கு, இன்னொரு பக்கம் சும்மா கிடைக்கும் சரக்கு சும்மாவே. 50 ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக யார் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வார்கள்?

இது எனக்குப் புரிவதற்கு முன்பே பில் கேட்ஸுக்குப் புரிந்துவிட்டது. 1998-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேசும்போது சீனாவைப் பற்றிச் சொன்னார்: எப்படியும் திருடத்தான் போகிறார்கள், அது எங்கள் சரக்காகவே இருக்கட்டும், பழகிவிட்டால் அடுத்த பத்து வருஷத்துக்குள் வசூலுக்கு ஒரு வழி பார்த்துக்கொள்வோம் என்கிற பொருளில். கந்துவட்டிக்காரர்கூட மேடையில் இவ்வளவு வெளிப்படையாகப் பேச மாட்டார்.

ஆக பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போலீஸ் வந்தால் மாறும் என்பதை நம்பவில்லை. விற்கிறவனைத்தான் சட்டம் பிடிக்கும், வைத்து ஓட்டுகிறவனை ஒன்றும் செய்யாது.

11 மார்ச் 2024

மேலே கடைசி வரி தப்பு. காலையில் ஒரு வக்கீல் நண்பர் போன் பண்ணித் திட்டினார். பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினாலே குற்றம். குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருஷம் சிறை. அபராதம் 50,000 முதல் 2 லட்சம் வரை. லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ இல்லை என்றால் சிறையை நீதிமன்றம் தவிர்க்கலாம். எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வாரண்ட் இல்லாமலே பிரதிகளைக் கைப்பற்றலாம், அது 64-ஆம் பிரிவு. என் கடை தொழில்தான். அதனால் 7 நாளுக்கு மாற்றுத் துணி எடுத்து வைத்திருக்க வேண்டியவன் நான்.

திருட்டு விசிடி விற்கிறவர்கள் பாடு இதைவிட மோசம். 2004-ல் நம் மாநிலக் குண்டர் சட்டத்தில் அவர்களையும் சேர்த்தார்கள். விசாரணை இல்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். கள்ளச் சாராயம், போதைப்பொருள் என்று போகிற வரிசையில், பஸ் ஸ்டாண்டில் படம் விற்ற பையனுக்கும் ஒரு இடம்.

11 மார்ச் 2024, மதியம்

போலீஸ் வந்தால் என்ன ஆகும் என்பதை நேரிலேயே பார்த்தவன் நான், அதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும். பல வருஷத்துக்கு முன் எங்கள் தெருவில் ஒரு கடையில் ரெய்டு. ஒரு மென்பொருள் கம்பெனியின் ஆட்கள் போலீஸோடு வந்து இரண்டு சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மற்ற எல்லோரும் மூணு நாள் ஷட்டரை இறக்கிவிட்டோம். நாலாம் நாள் கடைக்கு ஒன்றாக ஒரிஜினல் வாங்கினோம். பில்லை லேமினேட் பண்ணி சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். மற்ற மெஷினெல்லாம் பழையபடிதான் ஓடின. லினக்ஸ் என்ற பேச்சையே ஒருவரும் எடுக்கவில்லை.

14 மார்ச் 2024

காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு என்ன பயம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் லாக் கதையைச் சொல்கிறேன்.

இளைய தலைமுறைக்கு லாக் என்றால் தெரியாது. தமிழ் எழுத்துரு மென்பொருள் வாங்கினால் கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் கட்டை தருவார்கள். அதை சி.பி.யு.வுக்குப் பின்னால் பிரிண்டர் போர்ட்டில் செருகி, அதன் முதுகில் பிரிண்டர் கேபிளை மாட்ட வேண்டும். கட்டை இருந்தால்தான் எழுத்து வரும். 2003-ல் 14,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதில் 9,000 மனைவியின் வளையல். அந்த ஃபான்ட்டின் 'ழ' அவ்வளவு அழகாக இருக்கும், அதற்காகவே கொடுத்தேன்.

2009-ல் பழைய மெஷின் படுத்துவிட்டது. புது மெஷினின் பின்னால் தடவிப் பார்த்தால் பிரிண்டர் போர்ட்டே இல்லை. எல்லாம் யு.எஸ்.பி. கம்பெனிக்குப் போன் பண்ணினேன். யு.எஸ்.பி. லாக் வேண்டுமென்றால் புது வெர்ஷன் வாங்க வேண்டும், பழையதற்குக் கழிவு கிடையாது என்றார்கள். சார், நான் காசு கொடுத்தவன் என்றேன். அதனால்தான் சார் உங்களிடம் பேசுகிறோம் என்று பதில் வந்தது.

அப்புறம் பக்கத்துத் தெரு சர்வீஸ் பையன் வந்தான். "அண்ணே, லாக்கே வேண்டாம்ணே" என்று சொல்லி ஒரு சின்னக் கோப்பை ஓட்டினான். மென்பொருள் லாக் மாட்டியிருப்பதாக நம்பிக்கொண்டது. இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டான். ஆறு வருஷம் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. ஒரிஜினல் லாக்கோ சிலந்தி வலை பிடித்தாலே தொடர்பு விட்டுப்போகும், எழுந்து போய் ஆட்டிவிட்டு வர வேண்டும். காசு கொடுத்து வாங்கிய ஒன்றைக் கடைசியில் திருட்டுத்தனமாகத்தான் ஓட்ட முடிந்தது. பாதுகாப்புப் பூட்டை உடைப்பதற்கென்று 65ஏ பிரிவு 2012 திருத்தத்தில்தான் வந்தது, நான் மூணு வருஷம் முந்திக்கொண்டேன். இதையும் வக்கீல்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே.

கட்டற்ற மென்பொருள் பக்கம் என் முகம் திரும்பியது அந்தப் போன் பேச்சுக்குப் பிறகுதான். விலை அதில் இரண்டாம்பட்சம். என் மேஜைமேல் இருக்கும் ஒன்றை வேறு ஊரில் உட்கார்ந்திருப்பவர் நிறுத்த முடியும் என்பது உறைத்தது.

இது எனக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 2007 ஆகஸ்டில் மைக்ரோசாப்டின் சரிபார்ப்புச் சர்வர் கோளாறாகி, காசு கொடுத்து வாங்கியவர்களின் எக்ஸ்.பி.யும் விஸ்டாவும் போலி என்று அறிவிக்கப்பட்டன. அது சரியாவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆனது.

15 மார்ச் 2024

திருட்டு மென்பொருளுக்குச் சீரியல் நம்பர் உருவாக்கித் தரும் கீஜென் ஓட்டினால் ஒரு பாட்டு வருமே, கீச்சுக் கீச்சென்று, நினைவிருக்கிறதா? எங்கள் ஆபரேட்டர் அம்மா அது வந்தாலே "சார், ஏதோ புதுசா போடறீங்க போல" என்பார். ஒரிஜினலில் அந்தப் பாட்டு கிடையாது. ஒரு குறைதான்.

19 மார்ச் 2024

சரி, லினக்ஸுக்கு எப்போது வந்தேன் என்று கேட்கிறீர்கள். 2016-ல், அதுவும் அரைகுறையாக.

காரணம் வாட்ஸ்அப். அதுவரை பத்திரிகை வாசகத்தைக் கைப்பட எழுதிக் கொண்டுவருவார்கள், நாங்கள் தட்டுவோம். அப்புறம் போனில் தமிழில் தட்டி அனுப்ப ஆரம்பித்தார்கள். அது யூனிகோட், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை. எங்கள் பேஜ்மேக்கர் 2001-ல் வந்த 7.0, அதற்கு யூனிகோட் என்றால் என்னவென்றே தெரியாது. ஒட்டினால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு கேள்விக்குறி. மாற்றித் தரும் கருவிகள் இருந்தன, ஆனால் ஆளுக்கொரு எழுத்துரு முறை. ஒன்றுக்குச் சரியாக வருவது இன்னொன்றில் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும்.

இன்க்ஸ்கேப் என்ற கட்டற்ற வரைகலை மென்பொருளில் ஒட்டிப் பார்த்தேன். 'கொ' ஒழுங்காக வந்தது, 'ஸ்ரீ' வந்தது. காசு இல்லை, லாக் இல்லை, பாட்டும் இல்லை. லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டேன். ஆபரேட்டர் அம்மா பழைய தமிழ் டைப்ரைட்டிங் பழகியவர், கம்ப்யூட்டருக்கென்று வந்த தமிழ்99 விசைப்பலகைக்கு வரவே மாட்டேன் என்றவர். லினக்ஸில் பழைய டைப்ரைட்டர் முறை விசைப்பலகையும் இருந்தது. நாலைந்து குறி மட்டும் இடம் மாறியிருந்தது, ஒரு வாரம் முணுமுணுத்தார், பழகிவிட்டார்.

முதல் வேலை ஒரு சீமந்தப் பத்திரிகை, 300 பிரதி, கலர். பி.டி.எஃப். எடுத்துப் பிரஸ்ஸுக்கு அனுப்பினேன். மறுநாள் பிரஸ்காரர் போன். "என்னங்க, எழுத்துக்கெல்லாம் நிழல் விழுது?" போய்ப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓரத்தில் மெலிதாக ஒரு சிவப்பு, ஒரு நீலம். இன்க்ஸ்கேப் திரைக்கான வண்ணத்தில் வேலை செய்கிறது. அதன் கறுப்பைப் பிரித்தால் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு பிளேட்டிலும் எழுத்து விழும். பழைய மினி ஆஃப்செட்டில் நாலும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்காருமா? எட்டுப் பாயிண்ட் எழுத்தில் அத்தை பெயர் மாமா பெயர் எல்லாம் போதையில் பார்ப்பது போலத் தெரிந்தது. பேப்பர் காசு என் கையை விட்டுப் போனது.

அன்றைக்குப் பிரஸ்காரர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீங்க எதில வேணா பண்ணுங்க. எனக்கு கோரல்ல கர்வ் பண்ணி அனுப்புங்க." கர்வ் என்றால் எழுத்தைக் கோடாக மாற்றுவது, ஃபான்ட் தகராறு வராது. கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில் இதுதான்: எங்களைக் கட்டிப்போட்டிருப்பது இந்தச் சங்கிலி. கட்சி கொண்டுவருவது கோரல், பிரஸ் கேட்பது கோரல், நடுவில் நான். நான் மட்டும் யோக்கியனாகி என்ன பண்ண? கட்சி என்றால் எங்கள் தொழிலில் வாடிக்கையாளர், அரசியல் இல்லை.

20 மார்ச் 2024

பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. கறுப்பைக் கறுப்பு பிளேட்டுக்கு மட்டும் அனுப்பும், அதெல்லாம் முதலிலிருந்தே உண்டு. ஆனால் 2016-ல் தமிழைப் போட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. அப்புறம் ஓமனில் ஒரு குழு அரபி எழுத்துக்காக உழைத்ததில் எழுத்துக் கோக்கும் பகுதி புதிதானது, தமிழுக்கும் அதனால் விடிந்தது. நிலையான 1.6 வெளியானது இந்த ஜனவரியில்தான். இப்போது படத்தை இன்க்ஸ்கேப்பில் வரைந்து வாசகத்தை ஸ்கிரைபஸில் போடுகிறேன்.

இதே நேரத்தில் மற்ற கடைகள் என்ன செய்தன என்பதையும் சொல்ல வேண்டும். அடோபியின் பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைன் 2012-ல் சி.எஸ்.6 பதிப்பிலேயே தமிழை ஒழுங்காகக் காட்டியது. அதன் கிராக்கை, அதாவது பூட்டு உடைத்த பிரதியை, இறக்கிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் அடோபி இனி மாதச் சந்தாதான் என்றது. அவர்களோ இன்னும் சி.எஸ்.6-லேயே இருக்கிறார்கள்.

31 மார்ச் 2024

நேற்றிலிருந்து தூக்கம் சரியில்லை. எக்ஸ்.இசட். செய்தி பார்த்தீர்களா? லினக்ஸில் கோப்பைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாதது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், வெளியாள் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் வைத்திருக்கிறார்கள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர், அல்லது ஒரு கூட்டம், இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து, களைத்துப்போன பராமரிப்பாளரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு செய்த காரியம். பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர். தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழையும்போது அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று நோண்டிப் பார்த்திருக்கிறார். அரை விநாடி! எங்கள் கடையில் பிரிண்டர் அரை மணி நேரம் சும்மா இருந்தால்கூட யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

என் மெஷினில் பார்த்தேன், 5.2.5. பழைய சரக்கு, தப்பித்தேன். புதுப்பிக்கச் சோம்பல்பட்டதற்கு முதல் தடவையாகப் பலன்.

2 ஏப்ரல் 2024

திறந்த மூலம் என்றால் மூல நிரலை எல்லோரும் பார்ப்பார்கள், அதனால் பத்திரம் என்று பல வருஷம் கட்சிகளிடம் அளந்திருக்கிறேன். எல்லோரும் பார்க்கலாம் என்பது வேறு, பார்த்தார்கள் என்பது வேறு. நான் ஒரு வரி மூல நிரலைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. ஆனால் பின்வாசல் வைத்தது யார் என்று அந்த ஃபான்ட் கம்பெனியிடம் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்றும் யோசித்தேன். இதில் வேடிக்கை, ஃப்ராய்ண்ட் வேலை பார்ப்பது மைக்ரோசாப்டில். 2001-ல் லினக்ஸைப் புற்றுநோய் என்று சொன்ன ஸ்டீவ் பால்மர் தலைமை ஏற்றிருந்த அதே கம்பெனி.

8 ஏப்ரல் 2024

தேர்தல் வேலை. 19-ஆம் தேதி வாக்குப்பதிவு. நோட்டீஸில் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவரின் பெயர், முகவரி எல்லாம் போட்டாக வேண்டும். இன்று நாலு அதிகாரிகள் கடைக்குள் நுழைந்தார்கள். எனக்கு 63பி ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது. கோரல் மெஷினின் மானிட்டரை மெதுவாக அணைத்தேன். அவர்கள் கேட்டது நோட்டீஸ் மாதிரி மட்டும். பார்த்துவிட்டு, "இந்த ஃபான்ட் நல்லா இருக்கே, எங்க ஆபீஸுக்கும் கிடைக்குமா?" என்றார் ஒருவர். கிடைக்கும் சார், இது கட்டற்றது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது சட்டப்படி ஃபான்ட் காப்பி அடித்துக் கொடுத்தேன்.

21 ஏப்ரல் 2024

தளங்களை முடக்குவது பற்றிப் பேச்சு வந்திருப்பதால் சொல்கிறேன். 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதியைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவுகளில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் சிக்கின. இன்டர்நெட் ஆர்கைவும் அதில் ஒன்று. பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேனுக்கு நான் தினமும் போகிற இடம். கொசுவை அடிக்க நூலகத்தைப் பூட்டிய மாதிரி.

படம் ஓட்டிப் பார்க்கும் கட்டற்ற மென்பொருளான வி.எல்.சி. பிளேயர் கதை இன்னும் கொடுமை. அதில் திருட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. 2022 பிப்ரவரியிலிருந்து அதன் தளம் நம் நாட்டில் திறக்கவில்லை, காரணமும் யாரும் சொல்லவில்லை, வக்கீல் நோட்டீஸ் விட்ட பிறகு நவம்பரில் திறந்தது. அந்த மாதங்களில் சர்வீஸுக்கு வந்த மெஷின்களில் ஏதேதோ தளத்திலிருந்து இறக்கிய வி.எல்.சி. ஒன்றோடு மூணு டூல்பார், ஒரு ரம்மி விளம்பரம். இலவசமாக, சட்டப்படி கிடைக்கிற பொருளைத் திருட்டுச் சரக்கு போலத் தேடிப் பிடிக்க வைத்தார்கள்.

5 மே 2024

ஒரு ஒப்புதல் வாக்குமூலம் பாக்கி இருக்கிறது. 2011-ல் அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கியது. தமிழ் உள்ளே இருந்தது. கடைக்கு வந்த பிள்ளைகள் கேட்டது ஒன்றுதான்: "அண்ணா, அந்த இன்னொண்ணை அழிச்சுட்டு இடத்தை விண்டோஸுக்குக் குடுங்க, படம் வைக்கணும்." தலைக்கு 100 ரூபாய். குறைந்தது நாற்பது மெஷினிலாவது அழித்திருப்பேன்.

கேரளாவில் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் பாடமே கட்டற்ற மென்பொருளில் நடந்தது. அங்கே அந்த வயதுப் பையனுக்கு அது 'இன்னொண்ணு' இல்லை. இங்கே சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் பொருளை மட்டும் கொடுத்தோம். லினக்ஸுக்கு முதல் எதிரி யார் என்று கேட்டவருக்கு: எங்கள் தெருவைப் பொறுத்தவரை 2011-க்கும் 2014-க்கும் நடுவில் அது நான்தான்.

20 ஜூலை 2024

ஆடி பிறந்தாயிற்று, கல்யாண வேலை இல்லை, அம்மன் கோயில் நோட்டீஸ்தான். நேற்று உலகம் பூராவும் விண்டோஸ் மெஷின்கள் முடங்கி நீலத் திரை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளில் தப்பான ஒரு புதுப்பிப்பு, விமானமெல்லாம் நின்றுவிட்டது. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

பெங்களூரிலிருந்து வர வேண்டிய ஒரு கட்சி அங்கேயே மாட்டிக்கொண்டு போனில் கேட்டார்: "உங்க கடை ஓடுதா சார்?" ஓடுகிறது என்றேன். லினக்ஸால்தானே என்றார் பெருமையாக. நாலு வருஷமாக அவரிடம் பிரசாரம் பண்ணியிருக்கிறேன். ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் எதிர்க் கடையில் பதினைந்து வருஷத்துத் திருட்டு விண்டோஸும் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் வாங்குகிற அளவுக்கு எங்கள் தெருவில் யாருக்கும் வசதி இல்லை என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஆவணி பத்திரிகைக்கு வாசகத்தை அனுப்பினார்.

போனில் தட்டியது, யூனிகோட். அப்படியே ஒட்டினேன், எல்லாக் கொம்பும் இருந்த இடத்தில் இருந்தன. பிரஸ்ஸுக்கு மட்டும் கோரலில் கர்வ் பண்ணித்தான் அனுப்ப வேண்டும்.